நியூயார்க்கில் தொல்லியல், மானுடவியல் பேராசிரியர் வருமானம்: கேள்வி பதில்

நியூயார்க்கில் மானுடவியல் துறையில் பாடம் எடுக்கிறேன். என் பிரிவு தொல்லியல். முதல் ஆறு வருடம் அட்ஜங்க்ட், அதாவது ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்கும் வேலை. இப்போது நிரந்தர வேலை. சம்பளம் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், முடிந்தவரை பதில் எழுதுகிறேன். விசா சட்டம் என் துறை இல்லை, அதை மட்டும் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

மதுரை, முதுகலை மாணவர்: மேடம், அங்கே ஒரு தொல்லியல் பேராசிரியருக்கு வருஷத்துக்கு எவ்வளவு வரும்? ஒரே ஒரு எண் சொன்னால் போதும்.

ஒரே எண் சொன்னால் உங்களை ஏமாற்றியது போல ஆகிவிடும் தம்பி. 'புரொஃபசர்' என்று மாணவர்கள் கூப்பிடும் ஆட்களில் மூன்று தட்டு உண்டு.

மேல் தட்டு கொலம்பியா, என்.ஒய்.யூ. (நியூயார்க் பல்கலைக்கழகம்) போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள். அங்கே முழுப் பேராசிரியர்களின் சராசரி 2,00,000 டாலருக்கு மேல். ஆனால் அந்தச் சராசரியில் வணிகம், சட்டம் சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள்தான் அதை மேலே இழுப்பது. மானுடவியலுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நடுத் தட்டு 'க்யூனி' எனப்படும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம். ஹன்டர், புரூக்ளின், குயின்ஸ் கல்லூரிகள் எல்லாம் அதற்குள் வரும். புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியருக்கு 80,000 முதல் 90,000 டாலர் என்றுதான் பெரும்பாலான விளம்பரங்களில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது அட்ஜங்க்ட். க்யூனியில் 2019 ஒப்பந்தப்படி மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்குக் குறைந்தபட்சம் 5,500 டாலராக இருந்தது. அடுத்த ஒப்பந்தத்தில் அது 2027க்குள் 7,100 ஆகும். 5,500 கணக்கில் ஒரு பருவத்துக்கு நான்கு பாடம், வருடத்துக்கு எட்டு பாடம் எடுத்தாலும் 44,000 டாலர்தான். எட்டு பாடம் கிடைப்பதே பெரும்பாடு.

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், நீங்களே பார்க்கலாம். 2022 நவம்பர் முதல் இந்த நகரத்தில் வேலை விளம்பரத்தில் சம்பள வரம்பு போடுவது கட்டாயம். பொதுப் பல்கலைக்கழகச் சம்பளங்கள் பெயரோடு இணையத்தில் இருக்கின்றன. 'சீத்ரூ என்.ஒய்.' என்று தேடுங்கள்.

தஞ்சாவூர், வரலாற்று ஆசிரியர்: தொல்லியல் நம் ஊரில் வரலாற்றோடுதானே சேரும்? அங்கே ஏன் மானுடவியலுக்குள் வைத்திருக்கிறார்கள்? சம்பளக் கேள்வி இல்லை, மன்னிக்கவும்.

மன்னிப்பு எதற்கு ஐயா, எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். வேலை தேடுபவர்களுக்கும் இது பயன்படும்.

இங்கே மானுடவியல் என்றால் நான்கு கிளை: பண்பாடு, உடல், மொழி, தொல்லியல். ஐரோப்பியர் வருவதற்கு முன் இந்த நிலத்தில் வாழ்ந்தவர்களின் பொருள்களைத் தோண்டியவர்களும், அவர்களுடைய வழித்தோன்றல்களின் மொழியைப் பதிவு செய்தவர்களும் ஒரே கூட்டத்தில் இருந்தார்கள். அந்தக் கூட்டணியைப் பல்கலைக்கழகத்துக்குள் நிலைக்க வைத்தவர்களில் முக்கியமானவர் ஃபிரான்ஸ் போவாஸ். 1896இல் நியூயார்க் வந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். 1899இல் கொலம்பியாவில் பேராசிரியர் ஆனார்.

அவர் சம்பளத்தில் ஒரு பகுதியை அவருடைய மாமா ஆப்ரகாம் ஜகோபி என்ற மருத்துவர், மருமகனுக்கே தெரியாமல், தன் கையிலிருந்து கொடுத்தார். அமெரிக்க மானுடவியலின் தந்தை என்கிறோமே, அவருக்கே பல்கலைக்கழகம் மட்டும் முழுச் சம்பளம் கொடுத்துவிடவில்லை. முதல் வருட மாணவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன். குடும்பத்தில் ஒரு ஜகோபி இல்லாத பிள்ளைகள்தான் இந்தத் துறையிலிருந்து பாதியில் போகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும்.

வேலை தேடுபவர்களுக்கு: விளம்பரத்தில் 'தொல்லியல் துறை' என்று தேடினால் பாதியைத் தவறவிடுவீர்கள். 'மானுடவியல்' என்று தேடி உள்ளே பாருங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: 90,000 டாலர் என்றால் 75 லட்சம் ரூபாய்க்கு மேல். அதையும் குறைவு என்று சொல்கிறீர்களே அக்கா, இது நியாயமா?

ரூபாயில் பெருக்காதீர்கள். இதை இன்றைக்கு நிறையத் தடவை சொல்லப்போகிறேன் என்று தெரிகிறது, ஒரு முறை முழுக் கணக்காகவே போட்டுவிடுகிறேன்.

தனி ஆள், 90,000 டாலர். மத்திய வருமான வரி, சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் சேர்த்து 7.65 சதவீதம், மாநில வரி, அதற்கு மேல் நியூயார்க் நகரத்துக்கென்று தனி வருமான வரி. ஓய்வூதியப் பிடித்தமும் காப்பீடும் போனால் மாதம் 5,000 டாலர் கையில் வந்தால் நல்லது.

இப்போது வீடு. இங்கே வீட்டுக்காரர்கள் 'நாற்பது மடங்கு' பார்ப்பார்கள்: மாத வாடகையைப் போல நாற்பது மடங்கு ஆண்டு வருமானம் இருக்க வேண்டும். 2022இல் நகரத்தின் மையப்பகுதியான மன்ஹாட்டனின் இடைநிலை வாடகை (பாதி வீடுகளுக்கு அதற்கு மேல், பாதிக்கு அதற்குக் கீழ்) 4,000 டாலரைத் தாண்டியது. நாற்பதால் பெருக்குங்கள்: 1,60,000. ஆக, 90,000 வாங்கும் உதவிப் பேராசிரியருக்குத் தான் பாடம் எடுக்கும் தெருவில் வீடு பார்க்கவே தகுதி இல்லை. அவருக்கு 2,250 டாலர்தான் உச்சவரம்பு. குயின்ஸிலோ பிராங்க்ஸிலோ ஒரு படுக்கையறை வீடு, அதுவும் தேடி அலைந்தால். கைக்குழந்தை இருந்தால் காப்பகத்துக்கு மாதம் 2,000 டாலருக்குக் குறையாது. மீதி 750. இதில்தான் சாப்பாடு, போக்குவரத்து, ஊருக்கு அனுப்பும் பணம்.

அவரே மீண்டும்: சரி, அப்படியானால் இங்கே இருப்பவர் வசதியாக இருக்கிறார் என்கிறீர்களா?

ஒப்பிட்டே பார்க்கலாம். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் துறை இருக்கிறது. உதவிப் பேராசிரியர் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். 2024 ஜனவரிக் கணக்கில் அகவிலைப்படி 50 சதவீதம், அது 28,850. பெருநகர வீட்டு வாடகைப்படி 30 சதவீதம், அது 17,310. மொத்தம் 1,03,860. அந்த வாடகைப்படியோடு கொஞ்சம் கைக்காசு போட்டால் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வீடு கிடைக்கும். வாடகை சம்பளத்தில் கால்வாசியைத் தாண்டாது. மேலே போட்ட நியூயார்க் கணக்கில் வாடகை மட்டும் கையில் வருவதில் கிட்டத்தட்டப் பாதி.

சேலம், கெஸ்ட் லெக்சரர்: அக்கா, நீங்கள் சொல்லும் 57,700 எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? நாங்கள் வருஷத்தில் பதினொரு மாதம் தொகுப்பூதியத்தில் ஓடுகிறோம்.

நியாயமான கேள்வி. என் ஒப்பீட்டில் அந்த ஓட்டை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நிரந்தர ஆளை நிரந்தர ஆளோடு ஒப்பிட்டுவிட்டு உங்களை விட்டுவிட்டேன். கெஸ்ட் லெக்சரருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று யுஜிசி 2019இல் சொன்னது. அது கைக்கு வருகிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் ஓட்டம் எனக்கும் தெரியும், அட்ஜங்க்டாக இருந்தபோது நானும் ஓடியவள்தான். திங்கள், புதன் பிராங்க்ஸில் ஒரு கல்லூரி. செவ்வாய், வியாழன் குயின்ஸில் இன்னொன்று. ஒரு தோள்பையில் விடைத்தாள், இன்னொன்றில் மாணவர்கள் தொட்டுப்பார்க்கக் கல்லாயுத மாதிரிகள். ஏழாம் எண் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் மடியில் வைத்துத் திருத்துவேன். ஒரு ஆகஸ்ட் கடைசியில், வகுப்பு தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது, சேர்க்கை போதவில்லை, பாடம் ரத்து என்று ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு வரி மின்னஞ்சல். ஒரு பருவத்து வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த இரண்டு வரியில் போனது. பாடத்திட்டம் எழுதிய இரண்டு மாத உழைப்புக்குக் காசே இல்லை.

இங்கே கொஞ்சமாவது மாறியிருக்கிறது என்றால் சங்கத்தால்தான். 2022 இறுதியில் நியூ ஸ்கூல் என்ற தனியார் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆசிரியர்கள் மூன்று வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே பாடம் எடுப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அவர்கள்தான், கல்லூரியே நின்றுபோனது. க்யூனியின் 5,500ம் 'ஏழாயிரம் கொடு' என்று தெருவில் நின்றவர்களால் வந்தது.

ஓசூரிலிருந்து: 44,000 டாலர் என்றால் கிட்டத்தட்ட 37 லட்சம் வருமே?

ரூபாயில் பெருக்காதீர்கள். மேலே கணக்கு இருக்கிறது.

மதுரை: கீழடி அகழாய்வில் வேலைக்குச் சேர என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையைக் கேளுங்கள். நான் அங்கே இல்லை.

திருநெல்வேலி, பி.ஏ. மாணவி: கடன் வாங்கி அங்கே பிஎச்டி படிக்கலாமா அக்கா?

வேண்டாம். கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதப் படியும் தரும் இடம் கிடைத்தால் மட்டும் வாருங்கள். கிடைக்கவில்லை என்றால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பியுங்கள். மேலே சொன்ன மூன்றாவது தட்டில் நின்றுகொண்டு கல்விக்கடன் அடைக்க முடியாது. நான் பார்த்திருக்கிறேன்.

சென்னை, அகழாய்வு உதவியாளர்: பேராசிரியர் ஆகாமல் தொல்லியலில் பிழைக்க வழியே இல்லையா?

இருக்கிறது. இங்கே பெரும்பாலான தொல்லியலாளர்கள் பிழைப்பதே அதில்தான். 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி, மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள கட்டுமானத்துக்கு முன் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். அந்த ஒப்பந்த நிறுவனங்களில்தான் வேலை. வகுப்பறைக்கு வெளியே உள்ள மானுடவியலாளர், தொல்லியலாளர் எல்லாருக்கும் சேர்த்து நாடு முழுவதும் இடைநிலைச் சம்பளம் 2023இல் சுமார் 64,000 டாலர்.

1991இல் கீழ் மன்ஹாட்டனில் மத்திய அரசு கட்டடத்துக்குத் தோண்டியபோது ஆப்பிரிக்கர்களின் இடுகாடு வெளிப்பட்டதே, அதைக் கண்டதும் இப்படி ஒப்பந்தத்தில் போனவர்கள்தான். 400க்கும் மேற்பட்ட உடல்கள். கறுப்பின மக்கள் போராடியபின் ஆய்வு, கறுப்பினத்தவர் கல்விக்குப் பெயர்பெற்ற ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 2003இல் கானாவில் செதுக்கிய மரப்பெட்டிகளில் வைத்து மறுபடி அடக்கம் செய்தார்கள். ஏழு மண்மேடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பருவமும் மாணவர்களை அங்கே கூட்டிப்போவேன். சுற்றிலும் அலுவலகக் கட்டடங்கள், மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஆட்கள் நடந்துபோவார்கள், நடுவில் அந்தப் புல்மேடு. நான் பேசுவதை நிறுத்திவிடுவேன். இந்த ஊரில் இத்தனை கஷ்டத்திலும் ஏன் இருக்கிறீர்கள் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அந்த இடத்துக்காகத்தான்.

விருதுநகர்: சம்பளத்தை டாலரில் சொன்னால் புரியவில்லை, ரூபாயில் சொல்ல முடியுமா?

முடியாது.

பெங்களூரு, பிஎச்டி முடித்தவர்: மேடம், ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து உதவிப் பேராசிரியர் வேலைக்குக் கடிதம் வந்திருக்கிறது. 1,05,000 டாலர். பேரம் பேசலாமா? எதைக் கேட்பது?

முதலில் வாழ்த்துகள். பேசலாம், பேசத்தான் வேண்டும். ஆனால் சம்பளத்தில் 5,000 கூட்டச் சொல்வதற்கு முன் வீட்டைக் கேளுங்கள். கொலம்பியாவும் என்.ஒய்.யூ.வும் சொந்தக் குடியிருப்புகளை ஆசிரியர்களுக்குச் சந்தையைவிடக் குறைவான வாடகைக்குக் கொடுக்கின்றன. அப்படி ஒரு வீடு கிடைத்தால் மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் மிஞ்சும், எந்தச் சம்பள உயர்வும் அவ்வளவு தராது. வேலை போனால் வீடும் போகும் என்பதையும் மறக்காதீர்கள்.

அடுத்து, அந்த 1,05,000 ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்பதுதான், பன்னிரண்டாகப் பிரித்துத் தருவார்கள். நமக்குக் கோடைதான் களம். அந்த மூன்று மாதத்துக்கு மானியத்திலிருந்து சம்பளம் எடுக்கலாம், ஆனால் ஆய்வுக்கு மானியம் தரும் மத்திய அரசு அமைப்பான தேசிய அறிவியல் அறக்கட்டளை பொதுவாக வருடத்துக்கு இரண்டு மாதம் வரைதான் தரும். களச்செலவுக்குத் தொடக்கநிதி எவ்வளவு, கார்பன் தேதியிடக் காசு அதில் அடங்குமா, இதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கடிதத்தில் வீடு பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? பெயர்களை மறைத்துவிட்டு அந்தப் பத்தியை மட்டும் அனுப்புங்கள். சனிக்கிழமை விடைத்தாள் முடிந்ததும் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள்.