ஏஜென்சி வேண்டாம் தங்கச்சி, ஒரே இல்லத்தில் நிரந்தர வேலை தேடுங்கள்

தங்கச்சி, பி.எஸ்.டபிள்யூ (முதியோரைப் பராமரிக்கும் உதவியாளர்) படிப்பு முடியப்போகிறது, முதியோர் இல்லத்தில் நேரடியாகச் சேர்வதா, மணிக்கு இரண்டு டொலர் கூடத் தந்து, இல்லங்களுக்குத் தற்காலிகமாக ஆள் அனுப்பும் ஏஜென்சியில் சேர்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். கொரோனா நேரம் எப்படிச் சமாளித்தீர்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகை, குளிர் ஜாக்கெட் பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏஜென்சிக்குப் போகாதீர்கள்.

2020இல் கனடாவின் ரொறன்ரோவில் இருக்கும் ஸ்காபரோவில் எங்களில் கன பேர் இரண்டு இல்லங்களில் வேலை செய்தோம். காலையில் ஒன்று, பின்னேரம் பஸ் பிடித்து இன்னொன்று. ஆசையில் இல்லை. முழுநேரம் கொடுத்தால் சம்பளத்தோடு சுகயீன லீவும் கொடுக்க வேண்டும் என்று இல்லங்கள் எல்லாரையும் பகுதிநேரத்திலேயே வைத்திருந்தன. காய்ச்சலோடு வீட்டில் நின்றால் அந்த வாரச் சம்பளம் இல்லை. ஆகவே கிருமி எங்களோடு சேர்ந்தே ஒரு இல்லத்திலிருந்து மற்றதற்குப் போனது. ஒருவர் ஒரு இல்லத்தில்தான் வேலை செய்யலாம் என்ற எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் உத்தரவு ஏப்ரல் 22ஆம் திகதிதான் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் அதை மார்ச் மாதமே அறிவித்து, இல்லங்களுக்கிடையே சம்பளத்தையும் சமப்படுத்தியது. இங்கே எங்கள் வருமானத்தில் பாதி போனது. அதிலும் கொடுமை, அந்த உத்தரவு ஏஜென்சி ஆட்களுக்குப் பொருந்தவில்லை. அவர்களை இன்று இங்கே, நாளை அங்கே என்று அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

மாஸ்க் கதையும் அப்படித்தான். 2003இல் வந்த சார்ஸ் தொற்றுநோய்க்குப் பிறகு மாகாணம் 5.5 கோடி என்95 மாஸ்க் (கிருமியை வடிகட்டும், முகத்தில் இறுக்கிப் பொருந்தும் மாஸ்க்) வாங்கிச் சேமித்தது. காலாவதியானதும் புதிதாக வாங்கி வைக்கவில்லை. நான் இருந்த இல்லத்தில் மாஸ்க் பெட்டி மேலாளரின் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. ஷிஃப்டுக்கு ஒன்று, அதையும் பெயர் எழுதிய காகிதப் பையில் போட்டு மறுநாளும் கட்டினோம். உடுப்புக்கு மேல் போடும் பாதுகாப்புக் கவுன் முடிந்தபோது மழைக்கோட்டு.

ஆள் பற்றாக்குறை அதைவிட மோசம். வருத்தம் வந்தவர்கள், பயத்தில் நின்றவர்கள், மற்ற இல்லத்தைத் தெரிவு செய்தவர்கள் போக மிஞ்சியவர்கள் கொஞ்சப் பேர். சலவைக்காரர், கணக்கெழுதுபவர் எல்லாரும் சாப்பாடு தீத்த வந்தார்கள். நான்கு கட்டில், நடுவில் வெறும் திரைச்சீலை, இதுதான் அந்தப் பழைய கட்டடங்களின் அறை. ஒருவருக்கு வந்தால் நால்வருக்கும் வந்தது. என் பகுதியில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருந்தார். மறதி நோயில் ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது. விழுங்கச் சிரமம் என்பதால் தேத்தண்ணீரில் அதற்கென்று இருக்கும் மாவைக் கலந்து தடிப்பாக்கி, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும், முக்கால் மணித்தியாலம் போகும். பார்வையாளர்களை மார்ச்சில் நிறுத்தும்வரை மகள்தான் தினமும் வந்து கொடுத்தார். அதன்பிறகு அந்த முக்கால் மணித்தியாலத்துக்கு யாரிடம் நேரம் இருந்தது? நான் இடைவேளையில் போய்க் கொடுப்பேன். ஏஜென்சிப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. முதல் நாள் வந்தவருக்கு அவர் எப்படி விழுங்குவார் என்பது எப்படித் தெரியும்?

ஏப்ரல் கடைசியில் ஒன்ராறியோவில் ஐந்து இல்லங்களுக்கு இராணுவம் வந்தது, ஒன்று ஸ்காபரோவில். கரப்பான்பூச்சி, மாற்றாத டயப்பர், காலாவதியான மருந்து என்று மே மாதம் அவர்கள் எழுதிய அறிக்கையைப் பார்த்து நாடே அதிர்ந்தது. நாங்கள் வருடக்கணக்காகச் சொன்னதுதான். முதல் அலையில் கனடாவில் இறந்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் இப்படியான இல்லங்களில் இருந்தவர்கள்.

பிறகு சில விஷயங்கள் திருந்தின. 2020 ஒக்டோபரில் வந்த மணிக்கு மூன்று டொலர் சம்பளக் கூட்டலை 2022இல் நிரந்தரமாக்கினார்கள். இல்லத்தில் இருக்கும் ஒருவருக்கு நாளுக்குச் சராசரி நான்கு மணித்தியாலப் பராமரிப்பு என்ற இலக்கும் சட்டத்தில் ஏறியது.

நம்முடைய ஆட்கள் நடத்தும் ஏஜென்சிகளிலும் கவனம். "தெரிந்த பிள்ளை" என்று கையில் காசு தருவார்கள். முதுகு பிடித்துக்கொண்டால் நட்டஈடு கேட்க உங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. கல்யாண வீடுகளில் "கிழடுகளுக்குக் கழுவுற வேலையோ" என்று கேட்பவர்களும் வருவார்கள். அவர்களின் தாய் தகப்பனுக்கும் நான் செய்திருக்கிறேன், பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இன்டர்வியூவில் வெட்கப்படாமல் கேளுங்கள்: இரவில் ஒரு பணியாளருக்கு எத்தனை முதியவர்கள், சுகயீன லீவுக்குச் சம்பளம் உண்டா, என்95 மாஸ்க் உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதிப்பார்களா, யூனியன் இருக்கிறதா. முதலில் இரவு ஷிஃப்ட்தான் தருவார்கள். எடுங்கள், சீனியாரிட்டி ஏறினால் பகலுக்கு மாறலாம்.