மருத்துவர் பதில்: எடை குறைந்த பிறகும் பழைய உடைகளைக் கொடுக்க மனம் வரவில்லையே?

கேள்வி: எனக்கு 41 வயது. 14 மாதங்களுக்கு முன்பு எடைக் குறைப்புக்காக ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 118 கிலோவாக இருந்த எடை இப்போது 79. பழைய உடைகள் எதுவும் பொருந்தவில்லை. கொடுக்கவும் மனம் வரவில்லை. மூன்று முறை மூட்டை கட்டி வைத்து, மறுநாளே பிரித்து பீரோவின் மேல்தட்டில் அடுக்கிவிட்டேன். எடை திரும்ப ஏறிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். புதிது வாங்கப் போனால் கை தானாகப் பெரிய அளவையே எடுக்கிறது. இரண்டு மாதங்களாக எடை குறையவில்லை. போன வாரம் ஒரு கிலோ கூடியிருக்கிறது. வீட்டில் கேலி செய்கிறார்கள். இது மனநோயா, டாக்டர்?

பதில்: இல்லை, சகோதரி. மூட்டை கட்டிப் பிரித்த கதையை என்னிடம் சொன்ன முதல் ஆள் நீங்கள் இல்லை. பல முறை எடையைக் குறைத்துப் பார்த்து, பல முறை அது திரும்ப ஏறியதைப் பார்த்து நொந்தவர்கள்தான் பெரும்பாலும் அறுவை சிகிச்சை வரை வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஆசையாகச் சின்ன அளவில் உடை வாங்கியிருப்பீர்கள். சில மாதங்களில் அது இறுகிப்போய், ஒதுக்கி வைத்த பழைய உடையைத் தேடி எடுத்திருப்பீர்கள். 'பெரிய உடையைத் தூக்கிப் போடாதே' என்று உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த அனுபவம்தான். உங்கள் வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள். கேலி செய்வதற்கு இதில் ஒன்றும் இல்லை.

ஆனால் இந்த முறை உடலுக்குள் நடந்திருப்பது வேறு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதம் வரை அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுகிறது. பட்டினி கிடந்து எடை குறைத்தபோது உடல் பசியைக் கூட்டி உங்களோடு சண்டை போட்டது. இப்போது அந்தச் சண்டையின் வேகம் குறைந்திருக்கிறது.

எடை நின்றுவிட்டதே என்ற கவலைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதங்களில் எடை வேகமாக இறங்கும், பிறகு மெதுவாகும், 12 முதல் 18 மாதங்களுக்குள் பெரும்பாலானவர்களுக்கு ஓரிடத்தில் நிற்கும். நீங்கள் சரியாக அந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள். ஒரு வாரத்தில் கூடிய ஒரு கிலோ பெரும்பாலும் நீர்தான். மாதவிடாய்க்கு முன்னும், உப்பு அதிகம் சேர்ந்த நாட்களிலும், மலச்சிக்கலிலும் அவ்வளவு ஏறும், இறங்கும்.

எடை திரும்ப ஏறவே ஏறாதா என்று கேட்டால், அப்படி உறுதி கொடுக்க மாட்டேன். ஸ்வீடனில் 1987இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வு உண்டு. அதில் பைபாஸ் முறையில் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேரடியாக இணைக்கும் முறை) அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாகத் தங்கள் எடையில் 32 சதவீதத்தை இழந்திருந்தார்கள். பத்தாவது ஆண்டில் அது 25 சதவீதமாக இருந்தது. உங்களுடையது வேறு முறை. ஆனாலும் போக்கைப் புரிந்துகொள்ள இது உதவும். கொஞ்சம் ஏறுவது இயல்பு. அறுவை சிகிச்சைக்கு முந்தைய உடையை மறுபடி போடும் அளவுக்கு அவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்பிப் போகவில்லை. எடை சற்று ஏறினாலும் உங்களுக்குத் தேவைப்படப்போவது இப்போதையதைவிட ஓர் அளவு பெரிய உடைதானே தவிர, பீரோவின் மேல்தட்டில் இருப்பவை இல்லை.

கை தானாகப் பெரிய அளவை எடுப்பதற்கு வருவோம். நம் உடல் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதற்கு மூளையில் ஒரு கணக்கு இருக்கிறது. இருபது, முப்பது ஆண்டுகள் பழகிய கணக்கு. உடல் ஓராண்டில் மாறிவிட்டது. மூளையின் கணக்கு மாறச் சில காலம் பிடிக்கும். எடை குறைந்த பிறகும் குறுகலான இடத்தில் பக்கவாட்டில் திரும்பி நுழைபவர்கள், கை வைத்த நாற்காலியைத் தவிர்ப்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பழக்கத்தை அறிவுரை மாற்றாது. உடலோடு ஒட்டி நிற்கும் துணி மாற்றும். தோள்பட்டைத் தையல் உங்கள் தோளின் முனையிலேயே நிற்கும் ஒரு சட்டையை அணிந்து நாள் முழுவதும் நடமாடுங்கள். இடுப்பில் கை வைக்கும்போது துணியோடு உடலும் உடனே தட்டுப்படும். அந்தச் செய்தி மூளைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். தொளதொளவென்ற உடைக்குள் இருந்தால் பழைய கணக்கே தொடரும்.

மருத்துவனாக எனக்கு இருக்கும் பெரிய கவலை இன்னொன்று. மிகத் தளர்வான உடை செய்தியை மறைத்துவிடும். மூன்று, நான்கு கிலோ ஏறினாலும் அதில் தெரியாது. பொருந்தும் உடையின் இடுப்பு இறுகத் தொடங்கினால் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். அப்போது சரிசெய்வது சுலபம். வயிற்றின் கீழும் மார்பின் அடியிலும் தோல் மடிந்து கிடக்கும் இடங்களில் வரும் படையையும் புண்ணையும்கூட இப்படிப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்த இடங்களைக் கழுவியதும் ஈரம் போகத் துடைத்துவிட்டு, வியர்வையை உறிஞ்சும் பருத்தி உள்ளாடை அணியுங்கள். உள்ளாடைகளை மட்டும் எதற்காகவும் காத்திருக்காமல் இன்றே மாற்றிவிடுங்கள். அளவு பொருந்தாத உள்ளாடை உராய்ந்தே தோலைக் கெடுக்கும்.

சரி, எவற்றைக் கொடுப்பது? எல்லாவற்றையும் ஒரே நாளில் மூட்டை கட்டாதீர்கள். நீங்கள் மூன்று முறை தோற்றது அந்த வழியில்தான். மிகப் பெரிய அளவில் இருப்பவற்றை முதலில் எடுங்கள். அவற்றையும் தூக்கி எறிய வேண்டாம், தேவைப்படும் ஒருவருக்குக் கொடுங்கள். குப்பையில் போடக் கூசும் மனம், ஒருவர் உடுத்தப்போகிறார் என்றால் சம்மதிக்கும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருக்கும் யாரையாவது தெரிந்தால் இன்னும் நல்லது. வயிற்றுத் தழும்பு ஆறும் வாரங்களில் இடுப்பை அழுத்தாத உடை அவர்களுக்கு அவசியம். நடுத்தர அளவில் இருப்பவற்றில் நல்ல துணிகளைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். எடை ஆறு மாதம் நிலையாக நின்ற பிறகு மீதியைக் கொடுங்கள். அதுவரை புதிதாக நிறைய வாங்கவும் வேண்டாம், நான்கைந்து போதும். தளர்ந்த தோலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால், அதற்கும் எடை சில மாதங்கள் நிலைத்திருக்க வேண்டும். அதன் பிறகு அளவு மறுபடி மாறும்.

ஓர் உடையை வைத்துக்கொள்ளுங்கள். எது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். மேடையேறிய நாளில் உடுத்தியதாக இருக்கலாம், பிள்ளையை முதன்முதலில் தூக்கியபோது உடுத்தியதாக இருக்கலாம். 118 கிலோவில் இருந்தவரும் நீங்கள்தான். வேலை செய்தவர், சிரித்தவர், பிறருக்காக ஓடியவர் அவர். பழைய புகைப்படங்களைக் கிழிப்பவர்களையும், பழைய உடையை வெறுப்போடு கத்தரிப்பவர்களையும் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த உடம்புதான் உங்களை அறுவை சிகிச்சை அறை வரை நடத்திக்கொண்டு வந்து, அதைத் தாங்கி, தழும்பை ஆற்றித் தந்தது.

உடைகளைக் கொடுக்கும்போது 'இனி இந்த அளவுக்குத் திரும்பவே மாட்டேன்' என்று சபதம் எடுக்காதீர்கள். சபதம் எடுத்தவர்கள்தான் இரண்டு கிலோ ஏறியதும் வெட்கப்பட்டு, மருத்துவரிடம் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். இன்றைய உடம்புக்கு இன்று பொருந்தும் உடை வேண்டும், அதற்காகக் கொடுக்கிறீர்கள். அவ்வளவு காரணம் போதும்.

இன்னொன்றையும் பத்திரப்படுத்துங்கள்: குளிருக்கான உடைகள். கொழுப்புப் படலம் குறைந்தவர்களுக்கு முன்பைவிட அதிகம் குளிரும். அளவு பெரிதாக இருந்தாலும், புதிது வாங்கும்வரை அவை உதவும். குளிரோடு களைப்பும் மூச்சுவாங்கலும் சேர்ந்தால் இரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மோதிரம் நழுவும், செருப்பு தளரும். செருப்பை உடனே மாற்றுங்கள், தடுக்கி விழுவது வீண் ஆபத்து.

உங்களுடைய மிகக் குறைந்த எடையிலிருந்து நான்கைந்து கிலோ ஏறி, அது இரண்டு மாதம் இறங்காமல் நின்றால் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். எடை நின்ற பிறகு திடீரென மளமளவென்று இறங்கினாலும், அடிக்கடி வாந்தி வந்தாலும் தாமதிக்காமல் போங்கள். உடை விஷயத்தைத் தாண்டி, எதிலும் பிடிப்பில்லாத சோகம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது மது அருந்தும் பழக்கம் கூடினால், அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் இவை சிலருக்கு வருவதை நாங்கள் அறிவோம், சிகிச்சை இருக்கிறது.

இந்த வாரம் மேல்தட்டில் இருந்து மூன்று உடைகளை மட்டும் எடுங்கள். மூட்டை வேண்டாம், ஒரு பை போதும். கட்டிய அன்றே கொடுத்துவிடுங்கள், இரவு வீட்டில் வைக்காதீர்கள்.