பாட்டன் காசுக்கு என்ன விலை? – வாசகர் கேள்வி பதில்

கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று கடல் கடந்து வணிகம் செய்து திரும்பிய குடும்பங்கள் நிறைந்த இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து, பிரிட்டிஷ் காலத்து நாணயங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் பாட்டனார் கொழும்பில் கடை வைத்திருந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் 1835, 1840, 1862, 1911 ஆகிய ஆண்டுகள் பொறித்த வெள்ளி ரூபாய்கள் இருக்கின்றன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழமை உடையது என்பதால் 1835ஆம் ஆண்டு ரூபாய் பல லட்சத்துக்குப் போகும் என்று ஒருவர் சொல்கிறார். உண்மைதானா? இவை அசல்தானா என்று வீட்டிலேயே அறிய வழி உண்டா?
– வாசகர், பாம்பன்

பதில்: பல லட்சம் என்பது உண்மையில்லை. காசின் மேல் இருக்கும் ஆண்டை மட்டும் வைத்து விலை பேசுபவரை நம்ப வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரியான நாணயத்தை 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கொண்டுவந்தபோது, நான்காம் வில்லியம் மன்னரின் தலை பொறித்த ரூபாயில் 1835 என்ற ஆண்டைப் பொறித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்கும் அதே ஆண்டையே பொறித்து அடித்தார்கள். விக்டோரியாவின் 1840ஆம் ஆண்டு ரூபாயும் அப்படியே 1861 வரை தொடர்ந்து அடிக்கப்பட்டது. 1862 என்று பொறித்த ரூபாயைப் பம்பாய் நாணயச் சாலை 1874 வரை வெளியிட்டது. அங்கே எந்த ஆண்டில் அடித்தார்கள் என்பதைக் காட்டச் சிறு புள்ளிகளைச் சேர்த்தார்கள். ஆகவே இந்த மூன்று ஆண்டுகளின் ரூபாய்களும் நாடெங்கும் ஏராளமாகப் புழங்கியவை. இன்றும் எளிதாகக் கிடைப்பவை.

விலையை அடியிலிருந்து கணக்கிட்டுப் பழகுங்கள். 1835 முதல் 1939 வரையிலான ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதாவது ஒரு ரூபாயில் ஏறத்தாழ 10.69 கிராம் தூய வெள்ளி உள்ளது. விற்கும் நாளின் வெள்ளி விலையால் இதைப் பெருக்கினால் வருவதே அதன் குறைந்தபட்ச மதிப்பு. 1940 முதல் வெள்ளி காசின் எடையில் பாதியாகக் குறைக்கப்பட்டதால், அந்த ரூபாயில் 5.83 கிராம்தான் இருக்கும். 1947ஆம் ஆண்டு ரூபாய் நிக்கல் காசு. அதில் வெள்ளியே இல்லை, காந்தத்தில் ஒட்டும். இந்த அடிமதிப்புக்கு மேல் என்ன கிடைக்கும் என்பதை, அதே வகைக் காசு எத்தனை எஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, தேடுபவர் எத்தனை பேர் என்ற மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. மன்னரின் தலைமுடி இழைகளும் காதோரமும் தேயாமல் தெரியும் காசும், முகம் வழவழப்பாகிப் போன காசும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவையாக இருந்தாலும் விலை ஒன்றாகாது. நல்ல நிலையில் உள்ளது பல மடங்கு கூடுதலாகப் போகும்.

உங்களிடம் இருக்கும் 1911ஆம் ஆண்டு ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியிலிருந்த யானை உருவம் பன்றியைப் போலத் தெரிகிறது என்று மக்களிடம் எதிர்ப்பு எழுந்ததால், அடுத்த ஆண்டே அச்சைத் திருத்தினார்கள்; வெளியிடாமல் இருந்தவற்றைப் பெரும்பாலும் உருக்கிவிட்டார்கள். அதனால் அதற்கு மற்ற ஜார்ஜ் ரூபாய்களைவிடக் கூடுதல் மதிப்பு உண்டு. லட்சக் கணக்கு இதற்கும் பொருந்தாது. உண்மையிலேயே அரிதான ரூபாய் ஆறாம் ஜார்ஜின் 1939ஆம் ஆண்டுக் காசுதான். அதனாலேயே 1938இன் கடைசி எண்ணைச் செதுக்கி 1939 ஆக்கும் வேலை நடக்கிறது. அப்படி ஒன்றை யாராவது விற்க வந்தால், கடைசி எண்ணை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். எண்ணைச் சுற்றியுள்ள பரப்பு மற்ற இடங்களைவிடப் பள்ளமாகவோ சுரண்டியதாகவோ இருந்தால் வாங்க வேண்டாம்.

அசல்தானா என்று அறிய முதலில் தராசு வேண்டும். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு போதும். புழங்கித் தேய்ந்த ரூபாய் 11.66 கிராமுக்குச் சற்றுக் குறையலாம், கூடக் கூடாது. பிறகு ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசின் மேல் வைத்துக் கணக்கைப் பூஜ்ஜியமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் தண்ணீருக்குள் முங்கும்படி பிடியுங்கள். தராசு ஏறத்தாழ 1.13 கிராம் காட்டினால், காசின் எடையை அந்த எண்ணால் வகுக்க வரும் விடை 10.3க்கு அருகில் இருக்கும். அது அந்த வெள்ளிக்குரிய அடர்த்தி. ஒன்பதுக்குக் கீழே வந்தால் அது வெள்ளிப் பூச்சு பூசிய வேறு உலோகம். தண்ணீர்ச் சோதனை காசுக்கு எந்தக் கேடும் செய்யாது என்பதால், உரைகல்லில் தேய்ப்பதையும் அமிலம் விடுவதையும்விட இதையே நான் விரும்புகிறேன்.

எடை சரியாக இருந்தாலும் விளிம்பைப் பாருங்கள். அச்சில் அடித்த காசின் விளிம்பில் செங்குத்துக் கோடுகள் சீராகவும் கூர்மையாகவும் இருக்கும். வார்ப்பில் செய்த போலியில் சுற்றிலும் இணைப்புக் கோடு தெரியும், அல்லது அதை அரம் போட்டு மறைத்த தடம் இருக்கும். எழுத்துகளின் ஓரம் மழுங்கியும் பரப்பில் ஊசி முனை அளவுக் குழிகளும் காணப்படும். 1840ஆம் ஆண்டு ரூபாய்களில் ஒரு வகையில், அரசியின் கழுத்து முடியும் இடத்தில் அச்சு வெட்டிய வில்லியம் வயனின் பெயர் முதலெழுத்துகள் இருக்கும். அவை படிக்கும்படி இருந்தால் நல்ல அடையாளம்.

இன்னொன்றைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் காசுகளைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிவிடாதீர்கள். நூறு ஆண்டுகளாகப் படிந்த கருமையே சேகரிப்பவர் தேடும் அடையாளம். பளபளப்பாக்கிய காசுக்கு வெள்ளி விலைக்கு மேல் கொடுக்க ஆள் கிடைப்பது கடினம்; இந்தக் கேட்டைத் திரும்பச் சரிசெய்யவும் முடியாது.

கேள்வி: என் மாமியார் கொடுத்த காசுமாலையில் குதிரை வீரர் பொறித்த பவுன் காசுகள் உள்ளன. ஒன்றில் 1918 என்று இருக்கிறது. நகைக்கடையில் எடைக்கு மட்டுமே விலை சொல்கிறார்கள். சரிதானா? இவற்றில் சிலவற்றைத் துபாயில் இருக்கும் மகனுக்குக் கொடுத்து அனுப்பலாமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: நகைக்கடைக்காரர் தங்கமாக மட்டுமே பார்க்கிறார், அவருடைய தொழிலில் அது இயல்பே. பிரிட்டனின் சவரன் காசு 22 காரட் தங்கத்தில் 7.988 கிராம் எடை கொண்டது, அதில் 7.322 கிராம் தூய தங்கம். விட்டம் 22.05 மில்லிமீட்டர். அரக்கப் பாம்பைக் குத்தும் வீரரின் உருவத்தை இத்தாலியச் சிற்பி பெனெடெட்டோ பிஸ்த்ருச்சி 1817இல் வடித்தார். தண்ணீர்ச் சோதனையில் இக்காசு ஏறத்தாழ 0.45 கிராம் காட்ட வேண்டும்.

உங்கள் 1918ஆம் ஆண்டுக் காசில், குதிரையின் காலடியில் உள்ள தரைக்கோட்டில், ஆண்டு எண்ணுக்கு நேர் மேலே பாருங்கள். அங்கே ஆங்கில ஐ எழுத்து சிறியதாக இருந்தால், அது முதல் உலகப் போரின்போது பம்பாயில் அடிக்கப்பட்ட சவரன். பம்பாயில் சவரன் அடித்தது அந்த ஒரே ஆண்டு எண்ணில்தான். ஏறத்தாழ பதின்மூன்று லட்சம் காசுகள். அதே பம்பாயில் அதே ஆண்டில் பதினைந்து ரூபாய்த் தங்கக் காசும் வெளிவந்தது. அளவு ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர் உண்டு. எஸ், எம், பி போன்ற எழுத்துகள் இருந்தால் அவை முறையே சிட்னி, மெல்போர்ன், பெர்த் நகரங்களில் அடிக்கப்பட்டவை. இத்தகைய அடையாளம் சேகரிப்பவரிடம் தங்க விலைக்கு மேல் கொஞ்சம் பெற்றுத் தரும். ஆனால் மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த காசு என்றால், பற்றுத் தடத்தால் அந்தக் கூடுதல் பெரும்பாலும் போய்விடும். வளையத்தை வெட்டி எடுத்துத் தேய்த்துச் சரிசெய்ய முயலாதீர்கள். எடையும் குறையும், தடமும் மறையாது. மாலை மாலையாகவே இருக்கட்டும் என்பது என் கருத்து. நம் கடற்கரை வீடுகளில் அப்படி முழுமையாக எஞ்சியிருப்பவை இப்போது மிகச் சில.

போலிச் சவரன்களில் ஏமாற்றுபவை தங்கத்திலேயே செய்யப்பட்டவை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பெய்ரூட் போன்ற இடங்களில் அவ்வாறு பெருமளவில் செய்தார்கள். அவற்றில் தங்கத்தின் அளவு சரியாகவே இருக்கக்கூடும் என்பதால், காரட் மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் வைத்து அசல் என்று முடிவு செய்ய இயலாது. எழுத்துகளின் கூர்மையையும் குதிரையின் கால் நரம்புகளையும் உறுதியான ஒரு அசல் காசோடு ஒப்பிட வேண்டும்.

மகனுக்கு அனுப்ப வேண்டாம். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டத்தின்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகச் சட்டம் இடம் தரவில்லை. 1918ஆம் ஆண்டுக் காசு அந்த வரையறைக்குள் வந்துவிட்டது.

கேள்வி: இராமர், சீதை, இலட்சுமணர், அனுமன் உருவமும் கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்ற எழுத்தும் கொண்ட செப்புக் காசு என்னிடம் உள்ளது. முப்பது லட்சம் தருவதாகக் கைப்பேசியில் பேசியவர், முதலில் பதிவுக் கட்டணம் கேட்கிறார்.
– வாசகர், தொண்டி

பதில்: கட்டணம் கட்டாதீர்கள், பேச்சையும் நிறுத்திவிடுங்கள். அப்படி ஒரு காசைக் கம்பெனி அடித்ததே இல்லை. இவை பிற்காலத்தில் விற்பனைக்காகச் செய்யப்பட்ட வில்லைகள். கம்பெனி நம் தெய்வ உருவங்களைப் பொறிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சென்னை மாகாணத்தின் அரைப் பகோடா என்ற வெள்ளி நாணயத்தில் ஒரு பக்கம் கோபுரமும் மறுபக்கம் திருமாலும் உண்டு. அந்த மரபு இருப்பதே இந்தப் போலிகளை நம்பும்படி செய்கிறது. வாங்குபவர் விற்பவரிடம் முன்பணம் கேட்பது எந்த நேர்மையான வணிகத்திலும் இல்லை. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நாணயங்களுக்குக் கட்டணம், தரகு, வரி என்று பணம் பறிப்பவர்களைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. அரிசியை இழுக்கும் காசு என்று சொல்லி வருபவர்களும் இதே கூட்டம்தான். பணம் கொடுத்திருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள்.

கேள்வி: தனுஷ்கோடிப் பக்கம் கடல் சீற்றத்துக்குப் பிறகு, மணலுக்குள் பச்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிய செப்புக் காசுகள் தென்பட்டன. எலுமிச்சையில் ஊறவைத்துப் பிரிக்கலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: ஊறவைக்கவே கூடாது. கடலுப்பு புகுந்த செம்பில் அமிலம் பட்டால் எழுத்தும் உருவமும் கரைந்துவிடும். ஒட்டியவற்றைப் பிரிப்பதும் தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. அதற்கும் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால், மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. கிடைத்த இடத்தைப் படம் எடுத்து வைத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தெரிவித்துவிடுங்கள். 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த ஊர் அது. அங்கே ஒரு கடைக்காரரின் கல்லாவிலிருந்த சில்லறையாக இருந்தாலும், எந்த இடத்தில் எவற்றோடு கிடந்தது என்ற செய்திக்கு மதிப்பு உண்டு.

சந்தை விலையைப் பற்றிக் கேட்பீர்கள் என்பதால் ஒரு செய்தி. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் 1808இல் அடித்த பத்துக் காசு, இருபது காசுச் செப்பு நாணயங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கடற்கரைக்கு அப்பால் மணல் திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் அதிலிருந்து லட்சக்கணக்கில் காசுகளை மீட்டார்கள். இருநூறு ஆண்டுப் பழமையும் கப்பல் கதையும் இருந்தும், இவ்வளவு அதிகமாக வெளிவந்ததால் அவை இன்று சாதாரண விலைக்கே கிடைக்கின்றன.

கேள்வி: கல்லூரி மாணவன். குறைந்த செலவில் எதிலிருந்து சேகரிக்கத் தொடங்கலாம்?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: போரின்போது செம்பை மிச்சப்படுத்த 1943 முதல் அடித்த ஓட்டைக் காலணாவும், விக்டோரியா முதல் ஆறாம் ஜார்ஜ் வரையிலான காலணாக்களும் நல்ல தொடக்கம். மலிவானவை என்பதால் அவற்றுக்குப் போலி செய்பவர் குறைவு. அதைவிட, நம் ஊர்ப் பழைய பெட்டிகளில் கிடைக்கும் பிரிட்டிஷ் கால இலங்கைக் காசுகளைத் தேடுங்கள் என்பேன். பனைக் குடும்பத்து மரம் பொறித்த செப்பு ஒரு சதமும், மூலை மழுங்கிய சதுர வடிவ ஐந்து சதமும் தமிழ் எழுத்தைத் தாங்கியவை. 1914 முதல் தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்குப் படகும் ரயிலும் இணைந்து ஓடிய காலத்தில், பயணிகளின் மடியில் வந்து சேர்ந்தவை அவற்றில் பல. ஆண்டு வரிசையாக இவற்றைச் சேர்ப்பவர் இங்கே குறைவு என்பதால் விலையும் இன்னும் ஏறவில்லை.

வாங்கியதை விலை, தேதி, கிடைத்த இடம் ஆகியவற்றோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மலிவான பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளைத் தவிருங்கள். நாளடைவில் அவை கசிந்து காசில் பச்சைப் பசையைப் படியவிடும். கடற்காற்று உள்ள ஊரில் காசைக் கையால் தொட்டவுடன் மென்துணியில் ஒற்றி, மைலார் என்னும் பி.வி.சி. அல்லாத பிளாஸ்டிக் உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பதும், மழைக்காலத்தில் அந்தப் பொட்டலத்தை அடிக்கடி மாற்றுவதும் போதுமானவை.