கன்ட்ரி இசை யாருடையது?

வணக்கம் சார். சில மாதங்களாகக் கன்ட்ரி பாட்டுகள் கேட்கிறேன், ரொம்பப் பிடித்திருக்கிறது. நண்பர் ஒருவர், "அது அமெரிக்க வெள்ளைக்காரர்களின் கிராமத்துப் பாட்டு, ப்ளூஸ்தான் கறுப்பர்களுடையது" என்கிறார். அப்படித்தானா?

பதில்:

வணக்கம். உங்கள் நண்பர் சொல்லும் கோடு, இசைத்தட்டு விற்றவர்கள் கிழித்தது. 1920களில் கறுப்பர்கள் பாடியதை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' (இன இசைத்தட்டுகள்) என்றும், தெற்கத்தி வெள்ளையர்கள் பாடியதை 'ஹில்பில்லி' (மலைக்காட்டான்) என்றும் தனித்தனிப் பட்டியல் போட்டு விற்றார்கள். பாட்டு அப்படிப் பிரிந்து வளரவில்லை. பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் குடியேறியவர்கள் ஃபிடிலையும் பழைய கதைப்பாடல்களையும் அப்பலாச்சிய மலைகளுக்குக் கொண்டுவந்தார்கள், சரி. பாஞ்சோ? ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டி வாசித்த வாத்தியத்திலிருந்து வந்தது அது.

1927 கோடையில் டென்னசி, வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டலில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் நடத்திய ஒலிப்பதிவில்தான் கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பப் பாடகர் குழுவும் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாகப் பதிவானார்கள். அந்தக் குடும்பத்து ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் போய்ப் பழைய பாட்டுகளைச் சேகரித்தவர். அப்புறம் அவரோடு கூடப் போக ஆரம்பித்தவர் லெஸ்லி ரிடில், ஒரு காலை இழந்த கறுப்பின கிட்டார் கலைஞர். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார். ரிடில் மெட்டை மனசில் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து வாசித்துக் காட்டுவார். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் மேபெல் கார்ட்டரும் ரிடிலிடம் கிட்டார் வாசிப்பில் சிலது கற்றுக்கொண்டார். கார்ட்டர் குடும்பத்தின் பெயர் உலகம் முழுக்கப் போனது, ரிடிலை வெகுகாலம் யாருக்கும் தெரியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியின் ஆரம்பகால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி, கறுப்பர். அவர் மவுத் ஆர்கனில் ரயில் ஓடும், புகை வரும் என்றே தோன்றும், அப்படி வாசிப்பார். 1941இல் அவரை நீக்கிவிட்டார்கள். கன்ட்ரி இசையின் 'ஹால் ஆஃப் ஃபேம்' என்ற கௌரவப் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது 2005இல், அவர் இறந்து இருபது வருடங்களுக்கும் மேல் கழித்து.

ஊரைவிட்டு வேலைக்குப் போனவனின் ஏக்கம், கடன், ரயில், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் என்று இந்தப் பாட்டுகள் பேசுவதெல்லாம் தெற்கின் ஏழைகள், கறுப்பர் வெள்ளையர் என்று இரண்டு பக்கமும் வாழ்ந்த வாழ்க்கைதான். அதனால்தான் ரயில்வேயில் பிரேக்கைக் கவனிக்கும் பிரேக்மேனாக இருந்த ராட்ஜர்ஸுக்கு ப்ளூஸ் அவ்வளவு இயல்பாக வந்தது. அவருடைய 'ப்ளூ யோடல் எண் 9' கேளுங்கள், 1930இல் பதிவானது. அதில் ட்ரம்பெட் வாசிப்பது கறுப்பின ஜாஸ் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங், பியானோ அவர் மனைவி லில். நண்பரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்.