தோட்டத்துக் கணக்கும் மாலை ஆட்டமும் ஒரே போனில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கம்பத்தில் குடியிருக்கிறேன். நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்பேறி, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கமுள்ள ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கணக்கு எழுதப் போகிறேன். ஆள் வருகை, காய் எடை, புற்றடி ஏல மையத்தின் அன்றைய விலை எல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. மாலையில் நான் வீடு திரும்பியதும், பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் அதே போனை வாங்கி ஒரு மணி நேரம் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடுவான், படம் பார்ப்பான். 20,000 ரூபாய்க்குள் இருவருக்கும் ஒத்துவரும் போன் வேண்டும். கடைக்குக் கடை வேக மதிப்பெண் என்று ஓர் எண்ணைச் சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கடையில் உங்களுக்குச் சொல்லப்பட்ட எண்களில் பெரும்பாலானவை போனின் முதல் ஐந்து நிமிட வேகத்தைக் காட்டுபவை. உங்கள் மகன் ஆடுவதோ ஒரு மணி நேரம். கனமான ஆட்டம் ஓடும்போது செயலி (பிராசஸர்) முழு வேகத்தில் உழைத்துச் சூடேறுகிறது. சூடு ஓர் அளவைத் தாண்டியதும், தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அப்போதுதான் படம் திக்கித் திக்கி நகர்வதும், சுட நினைத்த கணத்தில் விரல் தொட்டது பதிவாகாமல் போவதும் நடக்கின்றன. நானும் ஒருமுறை பெரிய எண்ணை நம்பி ஒரு போன் வாங்கினேன். சித்திரை வெயிலில் அது கால் மணி நேரத்துக்குள் தளர்ந்துவிட்டது. ஆகவே நீங்கள் தேடவேண்டிய விவரம் ஒன்றுதான்: ஒரே ஆட்டத்தை அரை மணி நேரம் தொடர்ந்து ஆடிப் பார்த்த பிறகு, நொடிக்கு எத்தனை சட்டகங்கள் (திரையில் மாறும் படங்கள், அதாவது ஃபிரேம்கள்) மிஞ்சின என்பது. அந்த மாடலை அப்படிச் சோதித்துக் காட்டும் காணொளி இருந்தால், அதன் கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

செயலியைப் பொறுத்தவரை, 4 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டவை அதே வேலைக்குப் பொதுவாகக் குறைந்த மின்சாரமே எடுப்பதால் சூடும் குறைவு. ஆனால் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2 என்பதும் 4 நானோமீட்டர்தான். அது அன்றாட வேலைக்கு நல்லது, ஆட்டத்துக்கான வரைகலைத் திறன் அதில் குறைவு. மீடியாடெக் டைமென்சிட்டி 7300 உங்கள் விலைக்கட்டுக்குள் வந்த போன்களில் இருந்திருக்கிறது. 6 நானோமீட்டரில் செய்யப்பட்ட டைமென்சிட்டி 6300ஐவிட அது ஆட்டத்துக்குத் தெளிவாகவே மேல். பெயரில் ஓர் எண்தான் மாறுகிறது என்று எண்ணி, கடையில் ஒன்றைக் கேட்டு மற்றொன்றை வாங்கி வந்துவிடாதீர்கள்.

120 ஹெர்ட்ஸ் திரை என்றால் திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றுதான் பொருள். ஆட்டம் அந்த மாடலில் 60 சட்டகங்களுக்கு மேல் அனுமதிக்காவிட்டால், மீதி வேகம் விரலால் பக்கம் நகர்த்தும்போதுதான் தெரியும். பிஜிஎம்ஐயின் வரைகலை அமைப்பில் 'எக்ஸ்ட்ரீம்' என்பது 60. அதற்கு மேல் 90 கிடைக்கிறதா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். அதைவிட முக்கியமானதொன்றைக் கடைக்காரர் சொல்லமாட்டார்: போனைச் சாய்த்துக் குறிபார்ப்பதற்கு உண்மையான கைரோஸ்கோப் (போன் திரும்புவதை அளக்கும் உணரி) தேவை. விலை குறைந்த சில மாடல்களில் மென்பொருளால் உருவாக்கிய போலி கைரோஸ்கோப்தான் இருக்கிறது. அதில் குறி நடுங்கும். ரேம் 8 ஜிபி உண்மையானதாக இருக்கட்டும். '8 கூட்டல் 8' என்பதில் இரண்டாவது எட்டு சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது, வேகமும் குறைவு. சேமிப்பகம் யுஎஃப்எஸ் எனும் வேகமான வகைதானா, அளவு 128 ஜிபிக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி உங்கள் பகல் நேரம். தோட்டத்துச் சரிவுகளில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே களைத்துப்போகிறது. சிக்னல் மெலிந்தால், அதை எட்டுவதற்குப் போன் கூடுதல் மின்சாரம் செலவழித்து அலைகளை அனுப்ப வேண்டியிருக்கிறது. மத்தியானத்துக்குள் பேட்டரி பாதியாவதற்கு அதுவே பெரிய காரணம். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தொலைவு போகும், மரங்களுக்கிடையிலும் ஓரளவு நுழையும். 5ஜிக்கு மிகுதியாகப் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அந்தத் திறம் குறைவு. எனவே மெட்டு ஏறியதும் அமைப்பில் 4ஜியை மட்டும் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு வந்ததும் 5ஜிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிஎஸ்என்எல் சிம் வைத்திருந்தால், அந்நிறுவனத்தின் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸிலும் இயங்குவதால், வாங்கும் மாடல் அந்த அலைவரிசைக்கான 28ஆம் பேண்டை ஏற்கிறதா என்பதைப் பெட்டியிலோ நிறுவனத்தின் விவரப் பக்கத்திலோ சரிபாருங்கள். எல்லையோரத்தில் போன் கேரளத் தொலைத்தொடர்பு வட்டத்துக்குத் தாவும்போது நெட் நின்றுபோனால், டேட்டா ரோமிங் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோட்டத்தில் எந்த நிறுவனத்துக்குச் சிக்னல் நிற்கிறது என்பதை உடன் வேலை செய்பவர்களிடம் கேட்டு, இரண்டாவது சிம்மை அதிலிருந்து எடுப்பது நல்லது.

ஆனி, ஆடி மாதங்களின் சாரலை நினைத்தால், ஐபி64 தரம் நீங்கள் கேட்கவேண்டிய குறைந்த அளவு. அது தெறிக்கும் நீரைத் தாங்கும், மூழ்குவதைத் தாங்காது. ஐபி67 தரம் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். எந்தத் தரமாக இருந்தாலும் சார்ஜ் துளை ஈரமாக இருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது. காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் போனை வைத்துவிட்டு வேலை பார்க்காதீர்கள். அந்தச் சூடு லித்தியம் பேட்டரியின் ஆயுளைத் தின்றுவிடும். சார்ஜில் போட்டபடியே ஆடுவதும் அதே கேட்டைத்தான் செய்கிறது. மின்சாரம் பேட்டரியைத் தொடாமல் நேரே போனுக்குப் போகும் 'பைபாஸ் சார்ஜிங்' வசதி சில மாடல்களில் உண்டு. இருந்தால் விரும்பி வாங்கலாம். பேட்டரி 5000 எம்ஏஎச்சுக்குக் குறைய வேண்டாம்.

கேமராவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எடைச்சீட்டைப் படமெடுக்க எந்தப் போனின் முதன்மைக் கேமராவும் போதும்; உடனிருக்கும் 2 மெகாபிக்சல் கேமராக்களுக்காகக் காசு கொடுக்க வேண்டாம். படம் பார்ப்பதற்கு அமோலெட் திரையும் இரட்டை ஸ்பீக்கரும் இருந்தால் நல்லது. ஆட்டத்தில் காலடி ஓசை முன்னதாகக் கேட்கவேண்டுமென்றால், புளூடூத்தைவிடக் கம்பி ஹெட்போனே மேல், ஏனெனில் புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாகவே வந்து சேரும்.

ஒரே போனை இருவர் புழங்குவதால் இதையும் வற்புறுத்திச் சொல்கிறேன். யுபிஐ ஆப்புக்கும் வாட்ஸ்அப்புக்கும் தனிப் பூட்டு போடுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்து, அதில் பதிந்துவைத்த கார்டு இருந்தால் நீக்கிவிடுங்கள். ஆட்டத்துக்குள் உடைகளும் துப்பாக்கி அலங்காரங்களும் காசுக்கு விற்கப்படுகின்றன. நல்ல பிள்ளையும் ஒரு தொடுதலில் உங்கள் வாரக்கூலியைச் செலவழித்துவிட முடியும்.

கேள்வி: ஓணத்துக்குக் குமுளிக் கடைகளில் தள்ளுபடி என்கிறார்கள். நாங்கள் இருப்பது கூடலூர். குமுளிக்குப் போய் வாங்கினால் வரி குறையுமா?

பதில்: குறையாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு இரு மாநிலங்களிலும் கைபேசிக்கு ஒரே விகிதம்தான். 2020 ஏப்ரலிலிருந்து அது 18 விழுக்காடு. வெள்ள நிவாரணத்துக்காகக் கேரளம் 2019 ஆகஸ்டிலிருந்து வசூலித்த 1 விழுக்காடு கூடுதல் வரியும் 2021 ஜூலையோடு முடிந்துவிட்டது. ஆகையால் வேறுபாடு இருந்தால் அது கடையின் தள்ளுபடியில்தான். ஓணம் வரும் சிங்க மாதத்தில் அது உண்மையாகவே நன்றாக இருப்பதுண்டு. நம் பக்கம் ஆடியிலும் தீபாவளியிலும் கிடைப்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் விற்பனைக்கென வந்த போனுக்கு வாரண்டி பொதுவாக நாடு முழுவதும் செல்லும். அதற்கு ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்) அச்சிட்ட பில் வேண்டும், பில் இல்லாத விலைக் குறைப்பு எவ்வளவு என்றாலும் ஏற்காதீர்கள். பழுது பார்க்கும் மையம் உங்களுக்கு எட்டும் ஊரில் இருக்கிறதா என்பதை மாடலை முடிவு செய்யும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் ஓராண்டு பழகிய விலையுயர்ந்த போனைப் பாதி விலைக்குத் தருகிறார். ஆட்டத்துக்கு அதுவே நல்லது என்கிறான் என் தம்பி. சரிதானா?

பதில்: ஆட்டத்தைப் பொறுத்தவரை உங்கள் தம்பி சொல்வது சரி. உயர்தரச் செயலி ஓராண்டு பழையதானாலும், புதிய நடுத்தரச் செயலியை எளிதில் வெல்லும். பேட்டரியின் நலம் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், புதிய பேட்டரிக்கான செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கும் முன் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணைப் பெற்று, கே ஒய் எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் எழுதி, 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். திருட்டுப் போனாக முடக்கப்பட்டிருந்தால் பதிலில் தெரிந்துவிடும். பிறகு விற்பவர் எதிரிலேயே அவருடைய கூகுள் கணக்கை நீக்கச் செய்து, போனை முழுவதுமாக அழித்து, உங்கள் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு பேசிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.