ஆறு பென்ஸ் காசும் நம்ம நாலணாவும்

பிரிட்டிஷ் ராக் குழுவான குயீனின் கிட்டாரிஸ்ட் பிரையன் மே பற்றி மும்பை வாசகர்கள் கேட்டவை

பிரையன் மே இத்தனை வருஷமாக ஒரே கிட்டாரைத்தான் வாசிக்கிறாராமே, நிஜமா? அதில் அப்படி என்ன விசேஷம்?
(வாசகர், செம்பூர்)

ஏறக்குறைய நிஜம். 1979-இல் வந்த ஒரு பாட்டின் சோலோவுக்கு டெலிகாஸ்டர் என்ற வேறு கிட்டாரை எடுத்தது போன்ற விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி 1985-இன் லைவ் எய்ட் நிதி திரட்டும் கச்சேரி மேடையிலும், 2002-இல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையிலும் அவர் தோளில் தொங்கியது 'ரெட் ஸ்பெஷல்'தான். 1963 ஆகஸ்டில், பதினாறு வயதில், அப்பா ஹரால்டோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய கிட்டார் அது. கடையில் வாங்கக் காசில்லை. பழைய கணப்படுப்பின் மேல்சட்டத்து மஹோகனி அதற்குக் கழுத்தானது. பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சி செருகி அடைத்தார்கள். கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை அசைக்கும் ட்ரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்ப்ரிங் இரண்டு, அதன் கைப்பிடி நுனியில் ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் துண்டு.

காயலான் கடைச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ட்ரெமலோ கத்திமுனை போன்ற எஃகு விளிம்பில் நிற்கிறது. உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் அவை சின்ன உருளைகள் மேல் ஓடுகின்றன. கழுத்தின் மேல்முனையில் கம்பிகளுக்கு இடம் காட்டும் நட்டுக்குப் பக்கத்தில், அவை தங்குவதற்கு ஜீரோ ஃப்ரெட் என்ற உலோகக் கட்டை. உராய்வு குறைவு என்பதால், கம்பியை எவ்வளவு தளர்த்திவிட்டாலும் சுருதிக்குத் திரும்பி வந்துவிடும்.

என்னிடம் மூன்று சிங்கிள் காயில் பிக்கப் உள்ள சாதாரண ஸ்ட்ராட் வகை கிட்டார் இருக்கிறது. வயரிங்கை மாற்றினால் அந்த ஓசை வருமா?
(வாசகர், டோம்பிவிலி)

பாதி தூரம் போகலாம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்தான் பிக்கப். ஸ்ட்ராட்டில் பிக்கப்புகள் பேரலல் (பக்க இணைப்பு), ரெட் ஸ்பெஷலில் சீரிஸ் (தொடர் இணைப்பு). சீரிஸில் இரண்டு காயில்களின் மின்தூண்டலும் கூடுவதால் ஓசை உரக்க வரும், நடுப்பகுதி தடிக்கும், உச்சியின் கூர்மை மழுங்கும். மே அதிகம் வைப்பது பிரிட்ஜ் பிக்கப்பும் நடுப் பிக்கப்பும் ஒரே ஃபேஸில், அதாவது இரண்டின் அலையும் ஒன்றாக ஏறி இறங்கும்படி.

முதலில் அதை மட்டும் செய்து பாருங்கள். பிரிட்ஜ் பிக்கப்பின் எர்த் வயர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதன் ஹாட் வயரை (ஓசைச் சிக்னல் வரும் வயர்) செலக்டர் ஸ்விட்சிலிருந்து கழற்றுங்கள். நடுப் பிக்கப்பின் எர்த் வயரை வால்யூம் பாட்டின் (வால்யூம் குமிழுக்கு அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டர்) முதுகிலிருந்து எடுத்து, அந்த ஹாட் வயரோடு சேர்த்துப் பற்றவைத்து, மேலே ட்யூப் போடுங்கள். நடுப் பிக்கப்பின் ஹாட் வயர் வால்யூம் பாட்டுக்கு.

எல்லோரும் சறுக்கும் இடம் ஆன்-ஆஃப் ஸ்விட்ச். சீரிஸில் ஒரு பிக்கப்பை நிறுத்த வயரைத் துண்டித்தால் மொத்த கிட்டாரும் ஊமையாகிவிடும். அந்தப் பிக்கப்பின் இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று ஷார்ட் செய்யும்படிதான் ஸ்விட்ச் போட வேண்டும். ஃபேஸ் மாற்ற ஆறு கால் உள்ள டிபிடிடி ஸ்விட்ச் வேண்டும். பிக்கப் வயர்கள் நடு இரண்டு கால்களில், மூலைக் கால்கள் நான்கும் குறுக்காகப் பெருக்கல் குறி போல. லாமிங்டன் ரோட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் சாமான்தான். ஃபேஸ் எதிராக இருக்கும்போது அடிச்சுருதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒல்லியாகக் கிறீச்சிடும். அது பழுதல்ல, அவருடைய சில சோலோக்களின் உயிரே அந்தக் கிறீச்சல்தான். உலோக மூடியுள்ள பிக்கப்பாக இருந்தால் மூடியின் எர்த்தைத் தனியாகப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதைத் தொட்டதும் இரைச்சல் வரும்.

கம்பியை மீட்டும் பிளெக்ட்ரத்துக்குப் பதிலாக பிரிட்டனின் பழைய சிக்ஸ்பென்ஸ் நாணயத்தால் வாசிக்கிறாரே, எனக்கு எங்கே கிடைக்கும்?
(வாசகி, மாட்டுங்கா)

லண்டனுக்கு எழுத வேண்டாம், பாட்டியின் சுருக்குப்பையைத் துழாவுங்கள். சிக்ஸ்பென்ஸ் சுமார் 19 மி.மீ. அகலம், 2.8 கிராம் எடை. நம்ம பழைய நாலணாவும் (25 பைசா) கிட்டத்தட்ட அதே அளவு. 2011-லேயே செல்லாமல் போனதால் கடைக்காரருக்கும் வேண்டாம். ஆனால் எல்லா நாலணாவும் உதவாது. காந்தத்தில் ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டினால் அது ஸ்டீல் காசு அல்லது பழைய நிக்கல் காசு, பிக்கப்பின் காந்தமே இழுக்கும், கம்பியையும் சீக்கிரம் தின்றுவிடும். ஒட்டாத குப்ரோ நிக்கல் காசுதான் வேண்டும். ஓரத்தை நகத்தால் தடவினால் பற்கள் தட்டுப்பட வேண்டும். காசு வளையாது, ஆகவே வளைவை விரல் தர வேண்டும், பிடி தளர்வாக இருக்கட்டும். கம்பிக்கு இணையாகப் பிடித்தால் வழவழப்பு. லேசாகச் சாய்த்தால் பற்கள் உரசி ஒவ்வொரு ஸ்வரத்தின் தலையிலும் ஒரு 'ஸ்ஸ்' வரும். குழந்தை பேசத் தொடங்குவது போலக் கேட்கும்.

ட்ரெபிள் பூஸ்டர் வாங்கினேன், காது கிழிகிறது. ஏன்?
(வாசகர், முலுண்ட்)

உங்கள் ஆம்ப் டிரான்சிஸ்டர் ஆம்பாக இருந்து, அதைச் சுத்தமான ஓசையில் வைத்திருப்பீர்கள். மேயின் வாக்ஸ் ஏசி30 வால்வு ஆம்ப், வால்யூம் முழுக்கத் திறந்திருக்கும். ஏற்கெனவே கரகரக்கும் வால்வுகளில் அடிச்சுருதி குழம்பாமலிருக்கத்தான், மேல் சுருதிகளைத் தூக்கிவிடும் இந்த பூஸ்டர். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கிட்டாரின் வால்யூம் குமிழில். அடுக்குமாடியில் 30 வாட் வால்வை முழுக்கத் திறந்தால் சொசைட்டிக் கூட்டத்தில் உங்கள் பெயர் அடிபடும். 1 வாட் வால்வு ஆம்ப் போதும். பூஸ்டர் கிட்டாருக்கு அடுத்தபடியாக, முதலில் இருக்க வேண்டும். நடுவில் பஃபர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் சுற்று) உள்ள பெடலோ வயர்லெஸ்ஸோ வந்தால் ஓசை வறண்டுவிடும். பழைய பாணி ஜெர்மேனியம் பூஸ்டர்கள் பல பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த்தில் இருக்கும். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோர்த்தால் ஷார்ட் ஆகும், தனி பேட்டரி போடுங்கள். மும்பையின் மே மாதச் சூட்டில் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரின் ஓசை தடம் மாறுவதும் வழக்கம்தான்.

குயீனின் பாடகர் ஃபிரெடி மெர்குரி மும்பைக்காரரா?
(வாசகர், வாஷி)

பிறந்தது ஜான்ஸிபாரில், பார்சி குடும்பம். பள்ளிப் படிப்பு பஞ்ச்கனியில்.

கணபதி விழாவுக்கு குயீனின் 'வீ வில் ராக் யூ' பாட்டின் கால்தட்டையும் கைத்தட்டையும் ஆறு பேர் ஃபோனில் பதிவு செய்தோம். சப்பென்று இருக்கிறது.
(வாசகர்கள், அந்தேரி)

ஒரே பதிவைக் காப்பி செய்து அடுக்கியிருப்பீர்கள். அப்படிச் செய்தால் கூட்டம் பெருகாது, தகரக் குழாய்க்குள் தட்டியது போல ஆகும். 1977-இல் குயீன் குழுவினர் மரப்பலகைகள் மேல் மிதித்துத் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார்கள். பிறகு பகா எண்களின் விகிதத்தில் தாமதம் சேர்த்தார் மே, அவர் இயற்பியல் படித்தவர். 20, 40, 60 மில்லி நொடி என்று சீராக வைத்தால் காது அதை எதிரொலியாகப் பிடித்துவிடும். 17, 29, 43, 71 என்று கலைத்து வைத்தால் ஓர் ஊரே தூரம் தூரமாக நிற்பது போலிருக்கும். நீங்கள் எட்டு முறை புதிதாகத் தட்டுங்கள், ஒவ்வொரு முறையும் ஆளும் ஃபோனும் இடம் மாறட்டும். மொசைக் தரை வேண்டாம், பழைய கட்டில் பலகை போதும். டோலக் சேர்க்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். மூலத்தில் டிரம்ஸே கிடையாது.