கப்பலேறிப் போனவர்களைத் தேடுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

காவிரிப் படுகையின் துறைமுகங்கள், கடல் கடந்த குடியேற்றம், அந்நியர் ஆட்சி பற்றி வந்த கேள்விகளில் சில இந்த இதழில். கேட்டவர்களின் ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா 1900 வாக்கில் ‘கப்பலேறிப் போய்விட்டார்’ என்பதோடு வீட்டில் கதை முடிந்துவிடுகிறது. எந்த நாடு என்றுகூடத் தெரியவில்லை. ஆவணம் தேட எங்கே போக வேண்டும்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: ஆவணம் இருக்கட்டும், முதலில் நாட்டைக் கண்டுபிடியுங்கள். ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் அவர்கள் போய்ச் சேர்ந்த நாட்டில்தான் இருக்கிறது. எடுத்த எடுப்பில் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஓடுகிறவர்கள் பலர். அங்கே கிடைப்பது பெரும்பாலும் அரசாணைகளும் கடிதப் போக்குவரத்தும். ஆளைத் தேடி அங்கே போனால் அலைச்சல்தான் மிஞ்சும்.

நாட்டைக் கண்டுபிடிக்க வீட்டிலுள்ள வயதானவர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, அங்கே என்ன வேலை என்று பேசிக்கொண்டார்கள்? ‘பால் மரம்’ (ரப்பர்) என்றால் மலேயா. ‘கொழுந்து’ (தேயிலை) என்றால் இலங்கை. ‘கரும்பு’ என்றால் நேட்டால் (இன்றைய தென்னாப்பிரிக்காவின் ஒரு பகுதி), மொரீசியஸ், பிஜி ஆகிய மூன்றில் ஒன்று. மலேயாவிலும் ரப்பருக்கு முன்னால் கரும்பு, காப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1900க்கு முந்திய ஆள் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, அனுப்பிய பணத்தை என்ன பெயர் சொல்லிப் பேசினார்கள்? ‘வெள்ளி’ என்றால் மலேயா அல்லது சிங்கப்பூர். ‘பவுன்’ என்றால் நேட்டால் அல்லது பிஜி. ‘ரூபாய்’ என்றால் இலங்கை, பர்மா, மொரீசியஸ். இரண்டு பதிலையும் பொருத்திப் பார்த்தால் பெரும்பாலும் நாடு அகப்பட்டுவிடும்.

பழைய தகரப் பெட்டியையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள். தோட்ட எண் பொறித்த சிறிய தகடு ஏதாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1900களின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் எடுத்தபோது, வழியில் ஆள் மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொருவருக்கும் இப்படியொரு தகடு கொடுத்தார்கள். அந்த எண்தான் அவருடைய விலாசம்.

அடுத்தது ஆண்டு. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனது 1860 முதல் 1911 வரை. நடுவில் 1866 முதல் 1874 வரை ஆள் அனுப்புவது நின்றிருந்தது. பிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் போகத் தொடங்கியது 1903இல்தான். 1916க்குப் பிறகு கப்பல் இல்லை. மொரீசியஸ் 1834இலேயே தொடங்கிவிட்டது. மலேயாவுக்கு ஒப்பந்த முறை 1910இல் முடிந்தது. கங்காணி முறை (தோட்டத்து மேஸ்திரியே ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பது) 1938 வரை ஓடியது. உங்கள் கொள்ளுத்தாத்தா போனது 1900 என்றால் பிஜியை அடித்துவிடலாம்.

நேட்டால் என்று தெரிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்தக் கப்பல் பட்டியல்களில் பதிவெண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். இணையத்திலும் தேடலாம். மொரீசியஸ் பதிவேடுகள் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860களுக்குப் பிறகு போனவர் என்றால் புகைப்படமே கிடைக்க வாய்ப்புண்டு. பிஜிக்குப் போனவர்களின் குடியேற்றச் சீட்டுகள் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

தேடுகிறவர்கள் சறுக்குகிற இடங்களைச் சொல்லிவிடுகிறோம். எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். முனுசாமி, முனிசாமி, மூனசாமி மூவரும் ஒரே ஆளாக இருக்கலாம். ஆகவே பெயரை வைத்து மட்டும் தேடாமல் தகப்பன் பெயர், தாலுகா, வயது மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். வயது பெரும்பாலும் குத்துமதிப்பு. 20, 25, 30 என்று முழு எண்ணாகவே வரும். ஐந்து வயது முன்பின் விட்டுப் பாருங்கள். சாதி பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் ஓர் ஆளை ஒதுக்கிவிடவும் வேண்டாம். சொன்னவர் மாற்றிச் சொல்லியிருக்கலாம், எழுதினவர் நாலைந்தை ஒன்றாகப் போட்டு எழுதியிருக்கலாம்.

மாவட்டத்தில் இன்னொரு சறுக்கல். திருவாரூர் மாவட்டம் 1997இலும், நாகப்பட்டினம் மாவட்டம் 1991இலும், மயிலாடுதுறை மாவட்டம் 2020இலும் வந்தவை. அன்றைக்கு எல்லாமே ‘டாஞ்சூர்’, அதாவது தஞ்சாவூர். தாலுகா இடத்தில் மன்னார்குடி, நன்னிலம், ‘நெகபட்டாம்’, மாயவரம், ‘ஷியாலி’ என்று பாருங்கள். சீர்காழிதான் ஷியாலி. திருவாரூர் அப்போது நாகப்பட்டினம் தாலுகாவுக்குள் இருந்த ஊர்.

சொந்தக் காசில் டிக்கட் எடுத்துப் போன வியாபாரி, கடைச் சிப்பந்தி, தட்டார் போன்றவர்கள் இந்தக் கூலிப் பட்டியல்களில் இருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தேடும் வழியே வேறு. அதை இன்னொரு இதழில் பார்ப்போம்.

கேள்வி: தஞ்சைத் தரணி முப்போகம் விளைகிற பூமி. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில்கூட மற்ற மாவட்டங்கள் அளவுக்கு இங்கே சாவு இல்லை என்கிறார்கள். அப்படியிருக்க இங்கிருந்து ஏன் அத்தனை பேர் மலேயாவுக்குப் போனார்கள்?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: விளைச்சல் இருந்தது, ஆனால் அது யார் களத்துக்குப் போனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நிலம் மிராசுதார்கள் கையிலும் மடங்கள், கோயில்கள் பெயரிலும் இருந்தது. உழைத்தவர் பண்ணையாள். கூலி நெல்லாக, மரக்கால் கணக்கில் அளந்தார்கள் (12 மரக்கால் ஒரு கலம்). குடிசை போட்டிருந்த மனைக்கட்டும் மிராசுதாருடையதே. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடன் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்து சேரும். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843இலேயே சொல்லியாகிவிட்டது. ஆனால் கடன் இருக்கிறவரை பண்ணையை விட்டுப் போக முடியாது. தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது என்பதிலிருந்தே இந்தக் கட்டு எவ்வளவு நாள் நீடித்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து, வேலை ஆண்டு முழுதும் கிடையாது. குறுவை ஐப்பசியில் வீட்டுக்கு வந்துவிடும். சம்பாவும் தாளடியும் தை, மாசியில் அறுப்பாகிவிடும். அதன் பிறகு ஆற்றில் தண்ணீர் வருகிறவரை மூன்று நான்கு மாதம் கை சும்மா இருக்கும். முப்போகம் என்பது கொஞ்சம் நிலத்துக்குத்தான் பொருந்தும். 1836இல் கொள்ளிடத்தில் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் அணை கட்டிப் பாசனத்தைச் சீர்படுத்தியது கம்பெனி அரசு. நிலவரி வசூலும் நெல் ஏற்றுமதியும் அதில் நிலைப்பட்டன. பண்ணையாளின் மரக்கால் பெரிதாகவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்கு அரிசி போனதும் இந்தக் கரையிலிருந்துதான், மலேயாத் தோட்டங்களுக்கு ஆள் போனதும் இந்தக் கரையிலிருந்துதான்.

கங்காணிக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். அவரும் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். தோட்டத்தில் சில ஆண்டு வேலை செய்து, துரையிடம் உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு, நல்ல வேட்டியும் கையில் காசுமாக ஊருக்கு வருவார். சொந்தக்காரர், பக்கத்துத் தெருக்காரர் என்றுதான் ஆள் சேர்ப்பார். சேர்த்தவர்களை நாகப்பட்டினம் முகாமில் மருத்துவர் பார்ப்பார். பிறகு கப்பல். கரையோரம் ஆழம் போதாததால் கப்பல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். பினாங்கில் இறங்கினால் ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்புக் காவல். அதன் பிறகே தோட்டம். ஆள் வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குச் சில சென்ட் தலைக்காசு உண்டு. ஆகவே ஆளை ஓடவிடாமல் வைத்திருப்பதில் அவருக்கே ஆதாயம்.

தொடக்கத்தில் கப்பல் செலவு தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறியது. ஒரு கடனிலிருந்து தப்பி இன்னொரு கடனில் விழுந்தது போலத்தான். 1907இல் குடியேற்ற நிதி ஏற்பட்ட பிறகு, இந்தியத் தொழிலாளிகளை வைத்திருந்த முதலாளிகள் எல்லாரும் அதில் பணம் கட்ட வேண்டியதாயிற்று. அந்த நிதியிலிருந்து பயணம் இலவசமானது. ஆள் கணக்கு ஏறியதற்கு ரப்பர் விலையோடு இதுவும் காரணம்.

‘ஆசை காட்டி ஏமாற்றினார்கள்’ என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் மேடையில் சொல்வதில்லை. ஆள் போகிறதே என்று தஞ்சை மிராசுதார்கள் அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். கங்காணியை அவர்கள் அவ்வளவு வெறுத்ததே, பண்ணையாளுக்குப் போக ஒரு வழி இருந்தது என்பதற்குச் சான்று. அந்த வழியில் மலேரியாவும் சாவும் இருந்தன என்பதும் உண்மை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது கப்பல் கப்பலாக ஆட்களைத் திருப்பி அனுப்பியதும் உண்மை.

கேள்வி: டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஏன் விற்றார்கள்? என்ன விலை?
– மாணவி, பொறையார்

பதில்: 1845இல், வங்காளத்திலிருந்த சேரம்பூரையும் சேர்த்து, 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார்கள். சுற்றிலும் ஆங்கிலேயர் ஆட்சி. வியாபாரம் படுத்துவிட்டது. கோட்டைக்கும் சிப்பந்திகளுக்கும் ஆகிற செலவுக்கு வரவு கட்டவில்லை. அதன் பிறகு 1861 வாக்கில் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்ததும் தரங்கம்பாடித் துறை ஓய்ந்தே போயிற்று. 1620இல் ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத் திட்டத்துக்கு அதன் படம் கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் எள்ளுத்தாத்தாவின் பெயருக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுக் குடும்பப்பெயர் இருக்கிறது. மதம் மாறியவர் இல்லை. இது எப்படி வந்தது? அவருடைய பிறப்புப் பதிவு கிடைக்குமா?
– வாசகர், நிரவி

பதில்: 1881 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த பிரெஞ்சு அரசாணையின் பலன் அது. சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வருகிறேன் என்று எழுதிக்கொடுத்தவர்கள் ஒரு குடும்பப்பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பதிவு கிடைக்கும், பக்கத்து நாகூர்க்காரருக்கு இல்லாத வசதி உங்களுக்கு உண்டு. காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி 1739 முதல் 1954 வரை (நடுநடுவே ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த காலம் நீங்கலாக). அவர்கள் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் கொம்யூன் (பிரெஞ்சு உள்ளாட்சிப் பிரிவு) வாரியாகப் பதிந்தார்கள். காரைக்கால், திருநள்ளாறு, நிரவி, நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் என்று பிரித்துத் தேட வேண்டும். பிறந்தது தாயின் ஊரில் என்றால் பதிவும் அந்தக் கொம்யூனில்தான் இருக்கும். நிரவியிலேயே தேடிக் களைத்துப் போகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். திருமணப் பதிவில் இரு பக்கப் பெற்றோரும் வந்துவிடுவதால் அதை முதலில் எடுங்கள், இரண்டு தலைமுறை ஒரே தாளில் கிடைக்கும். இங்கே தாள் பொடிந்திருந்தால், இன்னொரு படி பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரின் ஆவணக் காப்பகத்தில் இருக்க வாய்ப்புண்டு. பழைய பதிவுகளை அவர்கள் இணையத்திலும் போட்டிருக்கிறார்கள்.

கேள்வி: பாட்டியின் ஜாதகத்தில் ‘விகாரி வருஷம்’ என்றும், வீட்டுப் பத்திரத்தில் ‘பசலி 1309’ என்றும் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகின்றனவா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: போகின்றன. பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு. அதோடு 590 கூட்டுங்கள், 1899 வரும். அது 1899 ஜூலையில் தொடங்கி 1900 ஜூனில் முடிகிற ஆண்டு. விகாரி 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1839, 1899, 1959. பாட்டி என்பதால் 1899தான் பொருந்தும். ஆனால் சித்திரையில் பிறக்கிற தமிழ் வருஷமும் ஜூலையில் பிறக்கிற பசலியும் சில மாதம் தள்ளி நிற்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: என் தாத்தா கங்காணியோடு வந்தவர். பாட்டி அடிக்கடி ‘நன்னிலம்’ என்பார். அடுத்த ஆண்டு தமிழ்நாடு வருகிறேன். தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், ஈப்போ, மலேசியா

பதில்: கங்காணி முறையில் நேட்டாலைப் போல ஆளுக்கொரு ஒப்பந்தச் சீட்டு இல்லை. ஆகவே அங்கே உங்கள் கையில் இருப்பதை முதலில் திரட்டுங்கள்: அப்பா, அத்தை, சித்தப்பாக்களின் பிறப்புச் சான்று, பழைய கடவுச்சீட்டு, தோட்டத்துச் செக்ரோல் (வேலையாள் பதிவேடு) நகல், ஊரிலிருந்து வந்த கடிதத்தின் தபால் முத்திரை. ‘ரஜூலா’வில் யாராவது ஊருக்கு வந்து போயிருந்தால் கடவுச்சீட்டில் நாகப்பட்டினம் முத்திரை இருக்கலாம். அந்தக் கப்பல் 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது.

நன்னிலம் உங்கள் ஊராக இல்லாமல் தாலுகாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெளியூரில் கேட்டால் பெரிய ஊரின் பெயரைச் சொல்வதுதானே வழக்கம். அந்தத் தாலுகாவில் மங்கலம், நல்லூர், குடி என்று முடிகிற கிராமங்கள் ஏராளம், ஒரே பெயரில் இரண்டு மூன்றும் உண்டு. அதனால் குலதெய்வத்தைப் பிடியுங்கள். சாமியின் பெயர், கோயில் குளக்கரையிலா ஆற்றங்கரையிலா, எந்த மாதம் படையல், கிடா வெட்டா பொங்கலா, மொட்டை எங்கே போட்டார்கள் என்று பாட்டி சொன்னதையெல்லாம் எழுதிவையுங்கள். ‘ஐயனார்’ என்று மட்டும் சொன்னால் போதாது, முன்னாலுள்ள அடைமொழிதான் ஊரைக் காட்டும். பங்காளிகள் ஊர் மாறினாலும் வருஷத்துக்கு ஒருமுறை அங்கே கூடுவார்கள்.

தை மாசி அறுப்பு நேரத்தில் போகாதீர்கள், பேச யாருக்கும் நேரம் இருக்காது. வைகாசியில் போங்கள், வெயிலைப் பொறுத்துக்கொண்டால் திண்ணையில் ஆள் இருக்கும். நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம் என்றால் பட்டா, சிட்டா எதிலும் தாத்தாவின் பெயர் இராது, கிராம நிர்வாக அலுவலரிடம் அதைக் கேட்டு நாளைக் கழிக்க வேண்டாம். நிலம் இருந்த குடும்பம் என்றாலும் முதல் நாளே பத்திரத்தைப் பற்றி விசாரிக்காதீர்கள். பங்கு கேட்டு வந்திருக்கிறார்கள் என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டால் போதும், உங்கள் தாத்தாவைத் தெரிந்தவர் அந்த ஊரில் ஒருவர்கூட இருக்க மாட்டார்.